ஆளுக்கொரு கேக்: நடுக்குழல் வைத்த அலுமினிய வார்ப்புக் கப் செய்த அனுபவம்

என் அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் போட்ட வெண்ணெய்க் கேக்தான் அவரிடம் அதிகம் போகும் சரக்கு. அதைப் பெரிதாகச் செய்து துண்டு போட்டுக் கொடுத்தால் வெட்டிய பக்கம் மறுநாளே காய்ந்துவிடுகிறது. அதனால் ஆளுக்கு ஒன்றாக, முழுசாக, சுற்றிலும் மேல்தோல் மூடியபடி சின்னச் சின்னதாகச் செய்து பெட்டியில் போட்டுத் தர வேண்டும் என்றார். ஒன்றுக்கு 100 கிராம் மாவு. காகிதக் கப் வேண்டாம், கவிழ்த்தால் அப்படியே வந்து விழ வேண்டும். பக்கமெல்லாம் ஒரே நிறம் வேண்டும். அப்புறம், கேரமல் ஊற்ற நடுவில் ஒரு குழி இருந்தால் நல்லது. இவ்வளவுதான் தேவை. நான் கோவையில் பம்ப்செட் வேலை பார்ப்பவன், பேட்டர்னும் (மணலில் பதித்து வார்ப்பு அச்சு எடுக்கிற மர மாதிரி) லேத்தும் (கடைசல் எந்திரம்) தெரியும், அதனால் கடையில் தேடுவதை விட்டுவிட்டு நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

அதற்கு முன் இருக்கிற பாத்திரங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். சிலிக்கான் கப்பில் கேக் சுலபமாகக் கழன்று வருகிறது, ஆனால் பக்கம் வெளிறிப்போய், தொட்டால் ஈரமாக இருக்கிறது. எவர்சில்வர் கிண்ணத்தில் அடி ஓரம் கறுக்கிறது, நடு இன்னும் மாவாகவே நிற்கிறது. இதற்குக் காரணம் மாவு இல்லை, சுவர். வெப்பத்தைக் கடத்தும் திறனைப் பார்த்தால், அளவு வாட்/மீட்டர்‑கெல்வினில், சுத்த அலுமினியம் 230‑க்குப் பக்கம், சாதா இரும்புத் தகடு 50, 304 எவர்சில்வர் 16, சிலிக்கான் ரப்பர் 0.2 சொச்சம். எவர்சில்வரில் சூடு ஒரு இடத்தில் விழுந்தால் அங்கேயே தங்கிவிடும், பக்கத்துக்கு ஓடாது. வீட்டு ஓ.டி.ஜி. (மேசை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) என்பது கம்பிகள் மூடாமல் அப்படியே சிவந்து எரிகிற சாதனம், கீழ்க்கம்பிக்கு நேர் மேலே இருக்கிற அடிப்பாகம் நேரடிக் கதிரை வாங்கிக்கொள்கிறது, சுவர் வாங்குவதில்லை. அடி கறுப்பதும் நடு வேகாததும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான்.

சின்னக் கேக் என்பது பெரிய கேக்கைச் சுருக்கியது கிடையாது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 20 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள வட்ட டின்னில் ஒரு சி.சி. கேக்குக்கு சுமார் 0.4 சதுர செ.மீ. உலோகம்தான் படுகிறது. நான் கடைசியில் முடிவு செய்த கப்பில் அதுவே 0.9. இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய கேக்கில் டின் எப்படி இருந்தாலும் நடுத்துண்டு ஒருவிதமாகத் தப்பித்துவிடும். சின்னதில் ஒவ்வொரு வாய்க்கும் சுவர் பட்ட தோல் வருகிறது. ஆகவே வடிவத்தை வரைவதற்கு முன்பே உலோகத்தை முடிவு செய்துவிட்டேன்: அலுமினியம், அதுவும் கனமாக.

நடுக்குழி கேட்டதும் எனக்கு நடுக்குழல்தான் தோன்றியது. இது புதுசு இல்லை. அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரில் நார்டிக்வேர் நிறுவனத்தின் டேவிட் டால்க்விஸ்ட் 1950‑இல் வார்ப்பு அலுமினியத்தில் செய்த, நடுக்குழல் வைத்த வளையக் கேக் டின்னான பண்ட் டின் இதே கருத்துதான். அங்குள்ள ஹடாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பினர், ஐரோப்பாவில் கூகல்ஹோஃப் என்ற வளையக் கேக்குக்கு வைத்திருந்த கனமான அச்சைப் போல, ஆனால் லேசாக ஒன்று வேண்டும் என்று கேட்கப்போய்ப் பிறந்தது அது. பல ஆண்டுகள் பெரிதாக ஓடவில்லை. 1966‑இல் பில்ஸ்பரி மாவு நிறுவனத்தின் பேக்கிங் போட்டியில் ‘டனல் ஆஃப் ஃபட்ஜ்’ கேக் இரண்டாம் பரிசு வாங்கிய பிறகுதான் ஊரெல்லாம் அந்த டின்னைத் தேடியது. குழலின் வேலை எளிது, நடு என்ற ஒன்றையே இல்லாமல் செய்துவிடுகிறது. என் கப்பில் குழல் இல்லாவிட்டால் நடுப்புள்ளிக்கும் சுவருக்கும் 35 மி.மீ. தூரம். குழல் வந்த பின் மாவு 26 மி.மீ. கனமுள்ள வளையம் ஆகிவிடுகிறது, இரண்டு பக்கமும் சூடு வருவதால் எந்தப் புள்ளியும் 13 மி.மீ.க்கு மேல் தள்ளி இல்லை. சூடு உள்ளே போக ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வெறும் கணக்குக்கு ஏழில் ஒரு பங்கு நேரம் என்று வரும், ஆனால் அடியிலிருந்தும் மேலிருந்தும் எப்படியும் சூடு வந்துகொண்டிருப்பதால் அவ்வளவு மிச்சம் கிடைக்காது. கிடைத்தது எவ்வளவு என்று பின்னால் சொல்கிறேன்.

அளவுகள் இப்படி. உள் வாய் விட்டம் 80 மி.மீ., அடி விட்டம் 62, உயரம் 45. குழல் அடியில் 22, மேலே 14. கொள்ளளவு 165 மில்லிக்குப் பக்கம் வருகிறது. வெண்ணெய்க் கேக் மாவு ஒரு மில்லிக்கு 0.9 கிராம் சுமாருக்கு நிற்கும், மூன்றில் இரண்டு பங்கு ஊற்றினால் 100 கிராம். கணக்கை நம்பி மட்டும் இருக்க வேண்டியதில்லை. கப்பைத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் கிராம்தான் மில்லி. எந்தக் கடையில் எந்த அச்சு வாங்கினாலும் முதலில் இதைச் செய்யுங்கள், பெட்டியின் மேல் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் விளிம்பு வரைக்குமான அளவு.

சாய்வைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசியாக வேண்டும். சுவருக்கு ஒரு பக்கம் 11 பாகை கொடுத்திருக்கிறேன், குழலுக்கு 5 பாகை. கேக் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது வெளிச்சுவரை விட்டு அதுவாகவே விலகி வந்துவிடுகிறது, அங்கே பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அதே சுருக்கம் குழலை இறுக்கிப் பிடிக்கிறது. வெளியே எவ்வளவு வழவழப்பாக வைத்தாலும் கேக் கிழிவது குழல் பக்கத்தில்தான். அதனால் குழலுக்கு 5 பாகைக்குக் குறைந்து போகக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதற்கு மேல் கொடுத்தால் அடியில் குழல் பருத்து மாவின் இடத்தைத் தின்றுவிடும். கவிழ்த்த பிறகு அகன்ற பக்கம் மேலே வருகிறது, 22 மி.மீ. வாயுள்ள குழி, 11 மில்லி பிடிக்கும், இரண்டு டீஸ்பூன் கேரமல். அக்காவுக்கு அளந்து ஊற்ற வேண்டிய வேலையே இல்லை, குழி நிறைந்தால் அதுதான் அளவு.

பண்ட் டின்னில் இருக்கிற மாதிரி வரிப்பள்ளம் வேண்டுமா என்று யோசித்தேன். பெரிய டின்னில் அவை அழகு, அதோடு மேற்பரப்பும் கூடுகிறது. 80 மி.மீ. கப்பில் பள்ளம் போட்டால் அது விரல்கூட நுழையாத சந்து ஆகிவிடும். களிம்பு தடவும் பிரஷ் உள்ளே போகாது, நாட்டுச்சர்க்கரைப் பாகு அங்கே ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வழவழப்பான சுவர், அடி மூலை இரண்டிலும் 5 மி.மீ. வளைவு, அவ்வளவுதான். லேத்தில் கடைய முடிகிற வடிவமாகவும் அது ஆகிவிட்டது.

பேட்டர்ன் கோவை கணபதிப் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பட்டறையில் செய்தது. பம்ப் இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் தேக்கில் கடைந்து பழகிய கை. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, இத்தனை சாய்வு எதுக்கு? மணலுக்கு ரெண்டு பாகை போதுமுங்களே” என்றார். “மணலுக்கு இல்லீங்கய்யா, கேக்குக்கு” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப இது ரெண்டு தடவை அச்சிலிருந்து கழர்ற சாமான்” என்றார். உண்மைதான். பேட்டர்ன் மணலை இடிக்காமல் வெளியே வருவதற்கும் கேக் உடையாமல் வெளியே வருவதற்கும் வேண்டியது ஒன்றே, சாய்வும், மூலையில் வளைவும், வழியில் எங்கும் எதிர்ச் சரிவு இல்லாத சுவரும். இந்த ஊரில் தலைமுறையாக வார்ப்பு வேலை செய்கிறவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டிய விஷயமே இல்லை. பேக்கிங் அச்சு செய்ய நினைக்கிற யாரும் நேராக ஒரு பேட்டர்ன் பட்டறையில் போய் உட்காரலாம்.

குழலுக்குக் கோர் (துளை விழ அச்சுக்குள் வைக்கிற மணல் கட்டை) வைக்கலாமா என்று கேட்டேன். மேலே 8 மி.மீ. துளைக்கு மணல் கோர் நிற்காது, உடைந்துவிடும், கெட்டியாக ஊற்றி லேத்தில் துளைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு முதலில் தயக்கம். காரணம், மற்ற இடமெல்லாம் 5 மி.மீ. கனம், நடுவில் மட்டும் 22 மி.மீ. கட்டை, கனமான இடம் கடைசியில் உறையும், அங்கே உலோகம் சுருங்கிக் குழி விழும். அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. குழி விழுந்தால் கட்டையின் நடு அச்சில்தான் விழும், நீங்கள் துளைத்து எறியப்போவதும் அதைத்தானே என்றார். அடியில் 16, மேலே 8 என்று சாய்வாகத் துளைத்த பிறகு பார்த்தால் சுவரில் ஒரு ஊசித் துளைகூட இல்லை. துளை அடியிலும் மேலும் திறந்தே இருக்க வேண்டும், சூடான காற்று கீழே நுழைந்து மேலே போனால்தான் குழல் வேலை செய்யும்.

உலோகத்தில் சமரசமே கூடாது. பழைய சாமான் கடை அலுமினியத்தை உருக்கி ஊற்றினால் விலை குறையும், ஆனால் அதில் ஈயம் உட்பட எது கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சாப்பிடும் பொருள் படுகிற இடத்துக்கு அது ஆகாது. எல்.எம்.6 என்ற அலுமினியக் கலவையின் புது இங்காட்டை (உலோகக் கட்டி) சான்றிதழோடு வாங்கிக் கொடுத்தேன். அதில் சிலிக்கான் (கப் செய்கிற ரப்பர் இல்லை, தனிமம்) 10 முதல் 13 விழுக்காடு, செம்பு, ஈயம், துத்தநாகம் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 0.1 விழுக்காடு. சிலிக்கான் இருப்பதால் உருகிய உலோகம் தண்ணீர் மாதிரி ஓடி மெல்லிய சுவரையும் நிரப்பிவிடும். வெப்பக் கடத்தல் சுத்த அலுமினியத்தைவிடக் குறைந்து 140 அளவில் நிற்கிறது, பரவாயில்லை, எவர்சில்வரைவிட எட்டு மடங்குக்கும் மேல். உலோகம் உருக்கும் பாத்திரமான குரூசிபிளையும் சுத்தம் செய்துவிட்டு முதல் ஊற்றாக நம்முடையதை ஊற்றச் சொன்னேன், இதைக் கேட்க வெட்கப்படக்கூடாது. பேட்டர்னில் சுருக்கத்துக்கு 1.3 விழுக்காடு கூட்டி, உள்பக்கம் கடைய 1.5 மி.மீ. விட்டிருந்தோம்.

லேத் வேலை மெதுவாகப் போனது. நடுவில் கட்டை நிற்பதால் சுவருக்கும் அதற்கும் இடையில் அடியில் 20 மி.மீ. இடம்தான். லேத்தில் டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை ஒருமுறை சுவர்ச் சாய்வுக்கும் இன்னொருமுறை குழல் சாய்வுக்கும் திருப்பி வைத்து, மெல்லிய டூலால், மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே கடைந்தது. எல்.எம்.6 டூலில் ஒட்டிக்கொள்ளும் உலோகம், எண்ணெய் இல்லாமல் கடைந்தால் பரப்பு கிழிந்துவிடும். முடிந்ததும் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் விளக்கை ஒருபக்கமாகக் காட்டிப் பார்த்தால், கிராமபோன் தட்டில் இருப்பது போல வட்ட வட்டமாக டூல் கோடுகள். கேக் கழர்ந்து வரும் திசை மேலிருந்து கீழ்; கோடுகள் அதற்குக் குறுக்கே. ஒவ்வொரு கோடும் கேக்குக்கு ஒரு குட்டிப் படி, அதில் பாகு மாட்டிக்கொள்ளும். சுழலவிட்டு எமரி போட்டால் கோடு மெலியுமே தவிர திசை மாறாது. அதனால் லேத்தை நிறுத்திவிட்டு, கையால், வாயிலிருந்து அடிக்கு நேராக இழுத்து, 220, 400, 600 என்று எமரித் தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். பிளாஸ்டிக் டை (அச்சு) செய்கிறவர்கள் இப்படித்தான் கழரும் திசையிலேயே பாலிஷ் போடுவார்கள். குழலுக்கு எமரித் தாளைக் குச்சியில் சுற்றி இழுக்க வேண்டியிருந்தது. கை வலிக்கிற வேலை, ஆனால் இந்தக் கப் நன்றாக வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒட்டாத பூச்சு போடவில்லை. டெஃப்லான் 260 பாகை செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும், பேக்கிங் சூட்டுக்கு அது தாங்கும், சரி. ஆனால் விற்பனைக்கு தினமும் போட்டுக் கழுவும் பாத்திரத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதோடு முடிந்தது. அனடைசிங் (மின்சாரம் கொண்டு அலுமினியத்தின் மேல் ஆக்சைடு தோல் வளர்ப்பது) பற்றியும் விசாரித்தேன், சிலிக்கான் இவ்வளவு உள்ள வார்ப்பில் அது சீராகப் பிடிக்காது, திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறத்தில் வரும். நிறம் கறுத்தால் கம்பியின் கதிரையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். நாட்டுச்சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவக்கிறது, ஓ.டி.ஜி. கம்பியோ கண்ணுக்கு நேரே எரிகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் கதிரைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை உலோகம்தான் பொருத்தம். மின்விசிறி வைத்த பெரிய ஓவனில் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அங்கே சூட்டைக் கொண்டுவருவது பெரும்பாலும் காற்று.

கப்கள் தனித்தனி. ஆறையும் ஒரே தட்டாக ஊற்றாமல் விட்டதற்குக் காரணம், ஒன்று பழுதானால் ஒன்றை மாற்றலாம், கவிழ்ப்பதும் ஒவ்வொன்றாகச் செய்யலாம். விளிம்போடு ஒரு கப்பின் வெளிவிட்டம் 100 மி.மீ., எடை 155 கிராம். 1.5 மி.மீ. 304 தகட்டில் 89 மி.மீ. வட்டம் ஆறு லேசரில் வெட்டி, விளிம்பு மேலே தொங்கும்படி வைத்தால் தட்டு 32‑க்கு 21 செ.மீ., அக்காவின் ஓ.டி.ஜி.யில் சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டு உட்காருகிறது. தட்டோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ சொச்சம், கையுறை போட்டு ஒரு கையால் இழுக்கலாம். குழலின் தலையை விளிம்புக்குச் சரிமட்டமாகவே வைத்தேன். மேலே எழும்பிய கேக்கை நீளக் கத்தியால் விளிம்பு மேலேயே வழித்தால் மட்டமாக வெட்டுப்படும், கவிழ்த்தால் ஆடாமல் உட்காரும்.

இனி சோதனை. ஒரே மாவு, கப்புக்கு 100 கிராம், 170 பாகை, மாவுக்குள் சூடு அளக்க மெல்லிய தெர்மோகப்பிள் கம்பி. நடு 97 பாகையைத் தொட எவர்சில்வர் கிண்ணத்துக்கு 29 நிமிடம், வார்ப்புக் கப்புக்கு 21. சிலிக்கான் கப் 33‑ஐத் தாண்டியும் வெளிறித்தான் இருந்தது. வெளியே எடுத்த பிறகு வார்ப்பில் சூடு தங்குவதால் கேக் இன்னும் கொஞ்சம் வெந்துகொண்டே இருக்கிறது, அதனால் 95‑இலேயே எடுத்துவிடுவது சரியாக வருகிறது. முதல் ஐந்தாறு நிமிடம் மெல்லிய டின்னைவிட மந்தமாகத்தான் தெரியும். கப்பைச் சூடாக்கவே, மாவுக்கு வேண்டிய சூட்டில் பாதி போகிறது. பிறகு எல்லாப் பக்கமும் ஒன்றாக ஏறுகிறது. வெட்டிப் பார்த்தால் தோல் சுற்றிலும் ஒரே கனம், ஒரே தேன்நிறம், குழல் பக்கமும்தான்.

தடவுவதற்கு உருக்கிய வெண்ணெய் வேண்டாம். அதில் தண்ணீரும் பால் பொருளும் இருப்பதால் ஒட்டும். டால்டா, எண்ணெய், மைதா மூன்றும் சம அளவு குழைத்த களிம்பு நன்றாக வேலை செய்கிறது. பிரஷ்ஷை அடியிலிருந்து மேல் நோக்கி இழுக்க வேண்டும், குழலைச் சுற்றி இரண்டாவது முறையும். கவிழ்க்கும் நேரமும் முக்கியம். எடுத்த உடனே கவிழ்த்தால் கேக் இளசு, பிட்டுக்கொள்ளும். கால் மணி நேரம் விட்டால் சர்க்கரை இறுகிப் பிடித்துக்கொள்ளும். இந்த அளவுக்கு ஆறு ஏழு நிமிடம். பெரிய கேக்குக்குச் சொல்லும் பத்து நிமிடக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

கழுவும்போது சோடா உப்பு, பாத்திரம் கழுவும் எந்திரத்தின் பொடி, இவற்றைத் தொடவிடக்கூடாது, காரம் பட்டால் அலுமினியம் கறுத்துப் பரப்பும் சொரசொரப்பாகிவிடும். வெந்நீரும் மென்மையான சோப்பும் போதும், கம்பி நார் வேண்டவே வேண்டாம், இழுத்து இழுத்துப் போட்ட பாலிஷ் ஒரே நாளில் போய்விடும். எலுமிச்சை, தயிர் சேர்ந்த மாவை இதில் வைத்து ஊறவிடக்கூடாது, ஊற்றியதும் ஓவனுக்குப் போக வேண்டும். இதையே யாராவது விற்பனைப் பொருளாகச் செய்ய நினைத்தால் அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 1660 என்று இந்தியத் தர அளவு இருக்கிறது, வார்ப்புக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை முதலிலேயே தர நிர்ணய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பேட்டர்னுக்கு ஒருமுறை செலவு, அப்புறம் ஒவ்வொரு கப்புக்கும் உலோகத்தைவிட லேத் கூலிதான் கூடுதல். அக்கா இன்னும் ஆறு கேட்டிருக்கிறார். “தம்பி, சூடா இருக்கறப்ப தட்டுல இருந்து ஒண்ண மட்டும் தூக்க விரலுக்குப் பிடியே இல்லடா” என்றார், நியாயமான கோரிக்கை. அதனால் அடுத்த ஊற்றுக்கு விளிம்பின் இரண்டு பக்கமும் 12 மி.மீ. நீட்டிக் காது மாதிரி வைக்கிறோம். பேட்டர்னில் இரண்டு தேக்குத் துண்டு ஒட்டினால் முடிந்தது. தட்டில் வட்டங்களுக்கு இடையே காது இடிக்காதபடி எல்லாக் கப்பையும் ஒரே கோணத்தில் திருப்பி உட்காரவைக்க வேண்டியிருக்கும், அதற்கு ஏற்ற மாதிரி லேசர் வரைபடத்தை மாற்றிக் கொடுத்தாகிவிட்டது.